எண்பத்தோராவது அட்டை

அட்டைகள் நவம்பர் மூன்றாம் வாரம் வந்து சேர்ந்தன. மொத்தம் எண்பது. மெல்பர்ன் தலைமை அலுவலகம் அனுப்பியிருந்தது. முன்பக்கம் ஆஸ்திரேலியக் கொச்சைப் பேச்சில் ஒரு சொல், பின்பக்கம் அதன் பொருள், மூலையில் தொப்பி போட்ட கங்காரு. டாரில் அவற்றைக் கோதுமைப் பரிசோதனைக் கூடத்துச் சுவரில் எட்டு வரிசையாக ஒட்டினான். ஒட்டி முடித்து இரண்டடி பின்னால் நகர்ந்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?"

மெரின் சல்லடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நாலாவது வரிசை கோணலா இருக்கு," என்றாள்.

அவள் குர்ராபினில் பிறந்தவள். அவளுக்கு முன்னால் மூன்று தலைமுறை விம்மெரா வட்டாரத்தில் கோதுமை போட்டிருக்கிறது. 'ஸ்ட்ரூத்', அதாவது அடேயப்பா, என்று ஒரு மனிதன் வாயால் சொல்லி இந்த இருபத்தாறு வருடத்தில் அவள் கேட்டதில்லை. பிரமாதம் என்ற பொருளில் 'பான்ஸர்' என்பதை ஒரு தடவை பார்த்திருக்கிறாள், விமான நிலையத்துக் கடையில், பாத்திரம் துடைக்கிற துண்டில். தோழன் என்று பொருள்படும் 'காபர்' அவளுடைய முப்பாட்டன் காலத்திலேயே மூச்சை விட்ட சொல். கல்லூரி அருங்காட்சியகத்தில் குண்டூசி குத்தி வைத்திருந்த பூச்சிகள் அவளுக்கு நினைவு வந்தன. அவற்றுக்கும் இதே போலக் கீழே பெயர் எழுதியிருக்கும்.

டாரில் ஜீலாங் நகரத்தில் ஒரு பல் டாக்டரின் மகன். குர்ராபின் தானியக் கொள்முதல் நிலையத்துக்கு மேலாளராக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்று நாள் பயிற்சிக்கு மெல்பர்ன் போய் வந்ததிலிருந்து அவன் பேச்சே மாறிவிட்டது. காலையில் உள்ளே நுழையும்போதே "குட் டே காபர்ஸ்" என்பான். கூடத்தில் இருப்பது இரண்டு பெண்களும் ஒரு மின்விசிறியும். விசிறிதான் பதில் சொல்லும்.

அட்டைத் திட்டத்தின் பெயர் 'உள்ளூர்ப் பேச்சு'. வெளியூர்ப் பின்னணி கொண்ட பணியாளர்கள் எல்லாரும் கட்டாயம் கற்க வேண்டும் என்று அதனோடு வந்த தாளில் இருந்தது. குர்ராபினில் அந்த எல்லாரும் ஒரே ஆள்தான். ஸேபௌ.

ஸேபௌ பர்மா எல்லையிலிருந்து வந்த கரேன் இனப் பெண். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வருடத்தில் பத்து மாதம் வாத்துத் தொழிற்சாலையின் குளிர் அறையில் கறி அடுக்குவாள். அறுவடை ஆறு வாரமும் இங்கே வந்து மேடையில் நிற்பாள். லாரி வந்து நின்றதும் நீளமான உறிஞ்சு குழாயை நான்கு இடத்தில் கோதுமைக்குள் இறக்கி மாதிரி எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. மெரின் அதைச் சோதிப்பாள். புரதம் எவ்வளவு, ஈரப்பதம் பன்னிரண்டரைக்குள் இருக்கிறதா, சல்லடையில் என்ன தேறுகிறது. அதற்கப்புறம் ஜன்னல்.

ஜன்னல் என்பது ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு ரேடியோ. பாதுகாப்பு விதிப்படி டிரைவர் லாரியை விட்டு இறங்கக் கூடாது. ஜன்னலில் இருப்பவர்தான் ரேடியோவில் முடிவைச் சொல்ல வேண்டும். அந்த அலைவரிசை வரிசையில் நிற்கிற எல்லா லாரியிலும் கேட்கும். பண்ணை வீட்டுச் சமையலறைகளிலும் கேட்கும். அங்கே பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்த லோர்னா இடுப்பு எலும்பு மாற்றப் போய்விட்டாள். இனி வர மாட்டாள்.

அந்த நாற்காலியை முதலில் மெரினுக்குத்தான் கொடுத்தார்கள். நான்கு வருடம் வேதியியல் படித்தவள். ஆனால் ரேடியோப் பொத்தானை அமுக்கினால் அவளுக்கு ஒரு சொல்லும் வராது. முடியாது என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த நாள் ஸேபௌ தானாகவே போய்க் கேட்டாள். ஜன்னல் வருடம் முழுக்க உள்ள வேலை. குளிர் அறையில் அவள் விரல்கள் வீங்கி, காலையில் சட்டைப் பொத்தான் போட முடிவதில்லை. இன்னும் ஒரு குளிர்காலம் அங்கே நின்றால் விரல்களை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வேலை உனக்கு அத்துப்படி, அதுல சந்தேகமே இல்ல," என்றான் டாரில். "ஆனா ஜன்னல்ங்கறது வெறும் வேலை இல்ல பாரு. நம்ம ஆள்கிட்ட பேசறோம்னு டிரைவருக்கு ஒரு இது வரணும்."

"என்ன இதுங்க?" என்றாள் ஸேபௌ. அவள் டாரிலிடம் எப்போதும் மரியாதையாகவே பேசுவாள்.

டாரில் சுவரைக் காட்டினான். "எண்பதுல அறுபது. அடுத்த வெள்ளிக்கிழமை பரீட்சை. மெரின் சொல்லித் தருவா. அவ அசல் உள்ளூர்."

அசல் உள்ளூர் சல்லடையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

*

ஸேபௌ மூன்று நாளில் எண்பதையும் மனப்பாடம் செய்துவிட்டாள். நான்காம் நாள் தேநீர் இடைவேளையில் மெரின் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. மெரினுக்குத்தான் இருபத்தேழுக்கு அர்த்தம் தெரியவில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

"இத யாரு சொல்றாங்க?" என்று கேட்டாள் ஸேபௌ.

"யாரும் சொல்றதில்ல."

"அப்ப நான் யார்கிட்ட சொல்றது?"

மெரின் யோசித்தாள். "டாரில்கிட்ட."

ஸேபௌ சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். மகளுடைய பழைய பள்ளி நோட்டு, அட்டையில் இளஞ்சிவப்புக் குதிரை. உள்ளே பாதி கரேன் எழுத்து, பாதி ஆங்கிலம். மூன்று அறுவடையாக மேடையில் நின்று லோர்னா ரேடியோவில் பேசியதையும் டிரைவர்கள் பேசியதையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள்.

"இதக் கேளு. டிசம்பர் நாலு. லோர்னா ஆலன்கிட்ட சொல்றா, 'என்னடா இது, எங்க பொறுக்கின, கோழிகூடக் கொத்தாது.' ஆலன் சிரிக்கறான். முதல் தரம்னு சீட்டு வாங்கிட்டுப் போறான்." பக்கத்தைத் திருப்பினாள். "டிசம்பர் ஒன்பது. லோர்னா சொல்றா, 'மன்னிச்சுக்குங்க ஆலன், புரதம் கொஞ்சம் கம்மியா இருக்கு.' ஆலன் இறங்கி உள்ள வந்துட்டான். நாப்பது நிமிஷம் சண்டை. மறுபடி சோதிக்கணும்னான், மிஷினே தப்புன்னான், கமிட்டிக்கு எழுதறேன்னான்."

"ஞாபகம் இருக்கு. நாற்காலிய உதைச்சான்."

"மரியாதையா சொன்னா சண்டை போடறான். திட்டினா சிரிச்சிட்டுப் போறான். ஏன்?"

மெரின் இதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. தண்ணீரைப் பற்றி மீன் என்ன யோசிக்கும். "மரியாதையா சொன்னா அது விவகாரம்," என்றாள். "விவகாரம்னா சண்டை போடலாம். கேலி பண்ணினா அது கேலி. கேலிக்குக் கோவப்பட்டா அவ்வளவுதான், அவன் கதை முடிஞ்சுது."

"எப்படி முடியும்?"

"பேர் வெச்சிடுவாங்க. லெஸ் வாட்டர்மேன்னு ஒருத்தன். அவன் நாயப் பத்தி ஃபுட்பால் கிளப்புல யாரோ என்னமோ சொன்னாங்க. மூஞ்சிய தூக்கிக்கிட்டு எழுந்து போயிட்டான். நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. இன்னிக்கும் அவன் அழுமூஞ்சி. அவன் மகன் சின்ன அழுமூஞ்சி. நாய் செத்து இருபது வருஷம் ஆச்சு, அதுக்கும் அழுமூஞ்சி நாய்னுதான் பேர்."

ஸேபௌ எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, "இது எத்தனாவது அட்டை?" என்றாள்.

"அட்டைல இல்ல."

"ம்," என்று நோட்டை மூடினாள்.

*

வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டு டிகிரி என்று வானிலை அறிக்கை சொன்னது. வடக்குக் காற்று வேறு. தீப்பிடிக்கும் என்று நடுப்பகலோடு அறுவடைக்கும் கொள்முதலுக்கும் தடை போட்டிருந்தார்கள். அதனால் எல்லாரும் விடியற்காலையிலேயே அறுத்து, ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். ஒன்பது மணிக்கு வரிசையில் இருபத்து மூன்று லாரி.

"பிரமாதம்," என்றான் டாரில். "பரீட்சைய நேரடியாவே வெச்சிடலாம். நீ ஜன்னல்ல உக்காரு. பேச்சுல எந்த அட்டை வருதோ அதுக்கு ஒரு டிக். ஒரு அட்டைக்கு ஒரு தடவைதான். பன்னெண்டு மணி வரைக்கும்."

அவன் எண்பது சொற்களின் பட்டியலை அட்டைப் பலகையில் செருகிக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். ஸேபௌ ரேடியோவைக் கையில் எடுத்தாள்.

முதல் லாரி கோரியுடையது. லோர்னாவின் மருமகன். வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராதவன்.

"குட் டே காபர்," என்றாள் ஸேபௌ. "ஸ்ட்ரூத், என்ன வெயில். உங்க கோதுமை பான்ஸர். முதல் தரம்."

ரேடியோ கரகரத்தது.

"சரிங்க," என்றான் கோரி. "ரொம்ப நன்றிங்க."

டாரில் மூன்று டிக் போட்டான். "பாத்தியா மெரின், என்ன மரியாதை. இதே கோரி லோர்னாவ எப்படியெல்லாம் பேசினான்."

கோரி இப்படிப் பேசி மெரின் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள், போலீஸ்காரர் வண்டியை நிறுத்தியபோது.

அடுத்தவன் நன்றி மேடம் என்றான். அதற்கடுத்தவன் பதிலே சொல்லாமல் போனான். ஐந்தாவது லாரிக்குள் யாரோ பொத்தானை அமுக்கியபடி பக்கத்து ஆளிடம் பேசியது எல்லாருக்கும் கேட்டது. "யாராவது அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுங்கப்பா. வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு."

ஸேபௌ நிறுத்தவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல் அட்டை அட்டையாகத் தள்ளிக்கொண்டே போனாள். நீச்சல் ஜட்டிக்கான சொல்லைக் கோதுமைக்குள் எப்படி நுழைப்பது என்று மெரினுக்குத் தெரியவில்லை. ஸேபௌவுக்குத் தெரிந்திருந்தது. "ஈரப்பதம் ஒன்பது," என்றாள். "ஈர ஜட்டியப் போட்டாக்கூட உன் வண்டில காஞ்சிடும்." டாரில் வாய்விட்டுச் சிரித்து டிக் போட்டான். லாரிக்காரன் சிரித்தானா என்று தெரியவில்லை. அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

பதினாறாவது லாரி போனபோது ஐம்பத்தொன்பது டிக் ஆகியிருந்தது. மிச்சமிருந்த இருபத்தொன்றில் இருபது அட்டைகள் சுறா, அலை, படகு என்று கடலைப் பற்றியவை. குர்ராபினுக்கும் கடலுக்கும் முந்நூறு கிலோமீட்டர். அவற்றையெல்லாம் எங்கேயும் செருக முடியாது. செருகக்கூடியதாக ஒன்றுதான் பாக்கி. முதலாவது அட்டை. அதுதான் தினமும் எல்லாரும் உண்மையிலேயே சொல்கிற ஒரே அட்டை. 'சரியாப் போயிடும், மேட்', அதாவது நண்பா.

"அத சொல்லிட்டா முடிஞ்சுது," என்றான் டாரில். "ஜன்னல் உன்னோடது."

பதினேழாவது லாரி மேடைக்கு வந்தது. கெல்வின் லீனர்ட்.

கெல்வினுக்கு ஆறாயிரம் ஏக்கர். விவசாயிகள் கமிட்டித் தலைவர். ஒவ்வொரு ஜூன் மாதமும் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். டாரிலுக்கு முன்னால் இருந்த இரண்டு மேலாளர்களும் அப்படி ஒரு ஜூன் கடிதத்துக்கு அப்புறம்தான் வேறு ஊருக்குப் போனார்கள். போன வருடம் விலை ஏறும் என்று அவர் பாதிக் கோதுமையை விற்காமல் வீட்டுக் கிடங்கில் வைத்திருந்ததும், விலை ஏறாததும் ஊருக்கே தெரியும்.

மேடையில் அன்று ஸேபௌவுக்குப் பதில் நின்றவன் மாதிரியை எடுத்து அனுப்பினான். மேலே புதுக் கோதுமை, அடியில் மங்கிய நிறம். மெரின் அரை லிட்டர் அளந்து சல்லடையில் கொட்டிக் குலுக்கினாள். கீழ்த்தட்டில் மூன்று கூன்வண்டுகள். வெயிலுக்கு நல்ல சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தன.

அரை லிட்டரில் உயிரோடு ஒரு வண்டு இருந்தாலும் லாரி திரும்பிப் போக வேண்டும். இந்த விதியில் ஏறக்குறைய என்பதெல்லாம் கிடையாது. மெரின் சல்லடைத் தட்டை டாரிலிடம் நீட்டினாள்.

டாரில் தட்டைப் பார்த்தான். ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். கெல்வின் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொன்னார். டாரிலும் ஒரு விரலைத் தூக்கினான்.

"சரியாப் போயிடும்," என்றான் மெல்லிய குரலில்.

மெரின் அவனையே பார்த்தாள்.

"அடுத்த வாரம் எப்படியும் மருந்து அடிக்கப் போறோம். நாலாம் கிடங்குல கொட்டச் சொல்லு. மூணே மூணுதானே."

நாலாம் கிடங்கில் முப்பது குடும்பங்களின் கோதுமை இரண்டாயிரம் டன் இருந்தது. மெரினின் அப்பாவுடையதும் அதில்தான். ஒரு பெண் வண்டு முந்நூறு முட்டை வரை வைக்கும். இந்தச் சூட்டில் ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம். கப்பல் ஏறும் வரை மூன்று தலைமுறை. அவள் மனதுக்குள் பெருக்கினாள். விடை வந்தது. விடையை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அவளுக்குக் கணக்குப் போட வரும், வாயைத் திறக்க வராது. டாரில் மேல் இருந்த வெறுப்பில் பாதி அந்த நிமிடம் அவள் மேலேயே திரும்பியது.

டாரில் ஸேபௌவின் தோளுக்கு மேல் குனிந்தான். "முதல் தரம்னு சொல்லு. கூடவே அந்த முதல் அட்டையச் சொல்லிடு. அறுபது ஆயிடும்."

ஸேபௌ திரும்பி மெரின் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். ஒரு வண்டு விளிம்புக்கு வந்து, விழுந்து, மறுபடி ஏறியது. அவள் பொத்தானை அமுக்கினாள்.

"கெல்வின்," என்றாள். குரலில் மரியாதை இல்லை, அட்டையும் இல்லை. "உன் கோதுமைக்குக் கால் முளைச்சிருக்கு. இங்க சல்லடைல நடை பழகுது. அது உன்ன விட்டுட்டு ஓடறதுக்குள்ள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

ரேடியோ வெடித்தது.

"கெல்வின், லாரி எதுக்குய்யா வீணா. ஆட்டு மந்தை மாதிரி நாய விட்டு ஓட்டிக்கிட்டே வந்திருக்கலாமே."

"போன வருஷத்துச் சரக்கா? பேரப்பிள்ளையெல்லாம் எடுத்திருக்கும்பா அதுங்க."

"ஆட்டுக்கு மாதிரி காதுல அடையாளக் கம்மல் மாட்டி விட்டியா கெல்வின், என்னுதோட கலந்துடப் போகுது."

கடைசியாக ஒரு பெண் குரல். லீனர்ட் வீட்டுச் சமையலறையிலிருந்து. "போன வாரமே சொன்னேன் இந்த மனுஷன்கிட்ட. கேட்டாத்தானே."

கெல்வினின் கழுத்து சிவந்ததைக் கண்ணாடி வழியே மெரின் பார்த்தாள். அவர் கை கதவுப் பிடியில் இருந்தது. மன்னிச்சுக்குங்க மிஸ்டர் லீனர்ட் என்று மட்டும் ஆரம்பித்திருந்தால் இந்நேரம் இறங்கியிருப்பார், விதிப் புத்தகத்தோடும் கமிட்டியோடும். கமிட்டியும் உடனே இறங்கியிருக்கும். ஆனால் விவகாரம் எதுவும் நடக்கவில்லையே. ஒரு பொம்பளை கேலி பண்ணினாள், ஊர் சிரித்தது, அவ்வளவுதான். இறங்கினால் அவர் இறக்கிற வரை அழுமூஞ்சி.

கை கதவிலிருந்து விலகியது.

"நல்லா வளத்திருக்கேன்ல?" என்றார் கெல்வின் ரேடியோவில். குரல் கொஞ்சம் பிசிறியது. "மெல்பர்ன் குதிரை ரேஸுக்கு விடறதா இருக்கேன்."

லாரி வளைந்து வந்த வழியே திரும்பிப் போனது.

"ஏய் ஜன்னல்," என்று அடுத்த லாரிக்காரன் கூப்பிட்டான். "தூங்கிட்டியா? என் சரக்கப் பாரு. வெந்துக்கிட்டு இருக்கேன் இங்க."

"மூஞ்சியப் பாத்தா ஏற்கெனவே வெந்த மாதிரிதான் இருக்கு," என்றாள் ஸேபௌ. "நில்லு."

அவனையும் சேர்த்து இன்னும் ஆறு லாரி வந்தன. அவள் ஆறு பேரையும் திட்டினாள். ஆறு பேரும் திருப்பித் திட்டிவிட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். டாரிலின் பேனா அசையவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தடைச் சங்கு ஊதியபோது அவன் பட்டியலை அவள் முன்னால் வைத்தான்.

"ஐம்பத்தொன்பது," என்றான். "எனக்கே வருத்தமாத்தான் இருக்கு. ஆனா விதின்னா விதி."

*

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து டாரிலுக்குத் தொலைபேசி வந்தது. யாரோ ஒரு டிரைவர் வெள்ளிக்கிழமைப் பேச்சைக் கைபேசியில் பதிந்திருக்கிறான். அது பண்ணை பண்ணையாகப் போய், வட்டார மேலாளரையும் எட்டியிருக்கிறது. அவர் இரண்டு தடவை கேட்டுச் சிரித்தாராம். பத்து வருடமாக யாராலும் திருப்பி அனுப்ப முடியாத கெல்வின் லீனர்ட்டை ஒரு வார்த்தை எதிர்ப்பில்லாமல் திருப்பியது யார் என்று கேட்டாராம்.

'உள்ளூர்ப் பேச்சு' திட்டம்தான் என்று டாரில் சொல்லியிருந்தான்.

சொன்ன பிறகுதான் அவனுக்குத் தான் எழுதி வைத்த ஐம்பத்தொன்பது நினைவுக்கு வந்தது. திட்டம் ஜெயித்தது, திட்டத்தில் படித்தவள் தோற்றாள் என்று எப்படி அறிக்கை எழுதுவது. மதியம் வரை கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தான். பிறகு ஒரு படிவத்தோடு மெரினிடம் வந்தான்.

"அந்தக் கால் முளைச்ச விஷயம்," என்றான். "அது இந்தப் பக்கத்துப் பழஞ்சொல்தானே?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாரு. உங்கப்பா, தாத்தா யாராவது சொல்லியிருப்பாங்க."

"அது அவ சொன்னது."

"அவளுக்கு எப்படிம்மா வரும். லோர்னாகிட்ட கேட்டிருப்பா."

"அவளேதான் சொன்னா," என்றாள் மெரின். டாரிலிடம் ஒரே விஷயத்தை இரண்டு தடவை அவள் சொல்வது அதுதான் முதல் முறை.

டாரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பொறுமைசாலி போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இங்க பாரு. அது பழஞ்சொல்னா கூடுதல் அட்டையா சேத்துக்கலாம். எண்பத்தொண்ணு. சேத்துட்டா அவளுக்கு அறுபது. அவ சொந்தமா சொன்னதுன்னா அட்டை இல்ல. அட்டை இல்லன்னா ஐம்பத்தொன்பது. இதுக்கு உள்ளூர்க்காரங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போடணும், மூணு தலைமுறைக்கு மேல இருந்தவங்க. நான் போட முடியாது. நான் ஜீலாங்."

படிவம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. 'சொல் வழக்கில் உள்ள காலம்: சுமார் 1920 முதல்.'

மெரின் அதை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். ஸேபௌ நிழலில் உட்கார்ந்து சாஸேஜ் ரோலில் வீட்டிலிருந்து கொண்டு வந்த மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டிருந்தாள். படிவத்தை வாங்கி மெதுவாக, ஒரு வரி விடாமல் படித்தாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதா?"

"அவனே போட்டுக்கிட்டான்."

"நீ கையெழுத்து போட்டா ஜன்னல் எனக்கா?"

"ஆமா."

"போடலன்னா?"

"வாத்து."

"போடு," என்றாள் ஸேபௌ.

"அது உன் பேச்சு. அவங்க பேர்ல போயிடும்."

ஸேபௌ ரோலைக் கடித்து, மென்று, விழுங்கினாள். "அதுல ஒரு வாக்கியம் போனா என்ன, எங்கிட்ட நோட்டு நிறைய இருக்கு. விரல் பத்துதான் இருக்கு. போடு."

மெரின் தன் முழங்காலில் வைத்தே கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும் என்றிருந்தபோது அது வரவில்லை. பொய்க்குக் கையெழுத்துப் போடச் சொன்னதும் பேனா நன்றாக எழுதியது.

*

ஜனவரியில் எண்பத்தோராவது அட்டை அச்சாகி வந்தது. முன்பக்கம், 'கோதுமைக்குக் கால் முளைத்தல்.' பின்பக்கம், 'தானியத்தில் பூச்சி இருத்தல். விம்மெரா விவசாயிகளின் பழஞ்சொல்.' மூலையில் அதே கங்காரு. டாரிலுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தது. அதையும் சுவரில் ஒட்டினான். எல்லா ஊர் நிலையங்களுக்கும் அட்டை போனது.

ஸேபௌவை எல்லாரும் இப்போது 'ஏய் ஜன்னல்' என்றுதான் கூப்பிட்டார்கள். கோரி அவளை எருமை என்றான். அவள் அவனை என்ன சொன்னாள் என்பதை அச்சில் போட முடியாது. தொழிற்சாலைக் குளிர் அறையின் சாவி அட்டையை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அறுவடையின் கடைசி வாரம், வடக்கே இருநூறு கிலோமீட்டரிலிருந்து வெஸ் என்று ஒரு கிழவர் முதல் தடவையாக லோடு கொண்டு வந்தார். மெரின் மாதிரியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அவர் ரேடியோவில் வந்தார். நல்ல மனிதர். மெதுவாக, காது கேளாதவர்களிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார்.

"பயப்படாதீங்கம்மா, என் சரக்குக்குக் காலெல்லாம் முளைக்கல. புரியுதா நான் சொல்றது? அது எங்க பக்கத்துப் பழைய பேச்சு. பூச்சி இருக்குன்னு அர்த்தம். எங்க தாத்தா வாய்க்கு வாய் சொல்லுவாரு. நீங்க வெளிய இருந்து வந்தவங்க, இதெல்லாம் பிடிபட நாளாகும். பரவால்ல."

மெரின் சல்லடையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டு எதுவும் இல்லை. ஈரப்பதமானியில் எண் வந்து நின்றது. அதை ஸேபௌவின் பக்கம் திருப்பினாள்.

ஸேபௌ எண்ணைப் பார்த்தாள். பொத்தானை அமுக்கினாள்.

"அப்படியா," என்றாள். "ஈரக் கோதுமைக்கு உன் தாத்தா என்ன சொல்லுவாரு? பதிமூணரை இருக்கு. வண்டியத் திருப்பு."